ஆணவமும் உணவுத் தூய்மையும்: பினாங்குத் தைப்பூச நோன்பை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தைப்பூசம் நெருங்கும் நாள்களில் பினாங்குத் தமிழர் இல்லங்களில் முதலில் மாறுவது அடுக்களையே ஆகும். மீனும் இறைச்சியும் சமைத்த பாத்திரங்கள் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர் தமக்கெனத் தனித் தட்டு, தனிக் குவளை வைத்துக்கொண்டு சைவ உணவு உண்கிறார். பலர் ஒருவேளை மட்டுமே உண்கின்றனர். மதுவும் புகையும் விலக்கப்படுகின்றன. தரையில் பாய் விரித்துப் படுத்தல், கடுஞ்சொல் தவிர்த்தல், இல்லற இன்பத்திலிருந்து விலகியிருத்தல் ஆகியனவும் இந்நோன்பின் கூறுகளாகும். ஒரு மண்டலமாகிய 48 நாள் நோன்பு முறையாகக் கருதப்பட்டாலும், குறைந்த நாள்களே நோற்பாரும் உளர்.

இந்நோன்பின் நோக்கம் யாது என வினவினால், உடலும் உள்ளமும் தூய்மை பெறுதல் என்பதே பொதுவான விடையாகக் கிடைக்கும். மேலும் வினவினால், நான் என்னும் ஆணவம் அடங்குதல் என்பர். உண்ணும் உணவுக்கும் உயிரைப் பற்றிய ஆணவத்துக்கும் தொடர்பு உண்டு என்னும் இக்கருத்து எங்கிருந்து வந்தது? பினாங்குத் தமிழர் வாழ்வில் அஃது எவ்வாறு செயற்பட்டது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. உணவுத் தூய்மை ஆணவத்தை அடக்கும் கருவியாகவும், அதே ஆணவம் ஒளிந்துகொள்ளும் இடமாகவும் வரலாறு நெடுகிலும் இருந்து வந்துள்ளது என்பதே நம் கருத்தாகும்.

ஆணவம்: சொல்லும் பொருளும்

இன்றைய பேச்சுவழக்கில் ஆணவம் என்பது கர்வம், திமிர், அகங்காரம் ஆகியவற்றின் மறுபெயராக வழங்குகிறது. வகுப்பறைகளிலும் மாணவர்க்கு அவ்வாறே பொருள் கூறப்படுகிறது. சைவ சித்தாந்தம் இச்சொல்லை இதனினும் ஆழமான பொருளில் ஆள்கிறது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களுள் முதலாவதாகிய ஆணவம், உயிரோடு அனாதியாகவே உடனிருப்பது. உயிரின் அறிவை மறைத்து, எங்கும் வியாபிக்கவல்ல அதனை அணுப்போல் சுருங்கச் செய்வது. செம்பில் களிம்பு உடனிருப்பதுபோல் ஆணவம் உயிரோடு உள்ளது என்பது சித்தாந்திகள் காட்டும் உவமை. அகங்காரமோ மாயையிலிருந்து தோன்றிய அந்தக்கரணங்களுள் ஒன்று. இரண்டும் வேறு வேறு.

14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் தம் திருவருட்பயனில் பத்துக் குறட்பாக்கள் கொண்ட ஓர் அதிகாரம் முழுவதையும் 'இருள்மல நிலை' எனப் பெயரிட்டு ஆணவத்திற்கே ஒதுக்கினார். புற இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டி நிற்கும். ஆணவ இருளோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும். அந்நூல் தரும் விளக்கம் இது. தன்னிடம் ஆணவம் இல்லை என்று ஒருவர் நம்பும் இடத்தில்தான் அது மிகுதியாகச் செயற்படக்கூடும் என்பது இதனால் பெறப்படும். இக்கருத்தை நாம் பின்னர் மீண்டும் பயன்கொள்வோம்.

தனிமனிதக் குற்றங்களைப் பற்றிய தமிழ் மரபும் இங்கு இணைத்து நோக்கத்தக்கது. திருக்குறளின் 44ஆம் அதிகாரமாகிய குற்றங்கடிதல், செருக்கையே குற்றங்களின் வரிசையில் முதலில் வைத்துத் தொடங்குகிறது. பிறர் குற்றம் காணுமுன் தன் குற்றம் கண்டு நீக்க வேண்டும் என்பதும் அவ்வதிகாரத்தின் அறிவுரையாகும். வடமொழி மரபு கூறும் காமம், குரோதம், உலோபம், மோகம், மதம், மாற்சரியம் என்னும் அறுவகை உட்பகையில் மதம் இடம்பெறுவதும் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆணவமாகிய வேரிலிருந்து இக்குற்றங்கள் கிளைக்கின்றன என்று சைவர் கொள்வர்.

உணவுத் தூய்மை: இருவேறு நோக்குகள்

உணவு தூயதாயின் உள்ளம் தூயதாகும் என்னும் கருத்து சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் இயலில் காணப்படுகிறது. அங்கு வரும் ஆகாரம் என்னும் சொல்லுக்கு உரையாசிரியர்கள் வேறுபட்டுப் பொருள் கொண்டனர். ஐம்புலன்களின் வழியே உள்ளே கொள்ளப்படும் அனைத்தும் ஆகாரமே என்பது ஆதிசங்கரர் கொள்கை. கண் கண்டதும் செவி கேட்டதும் விருப்பு வெறுப்பின்றிக் கொள்ளப்படுமாயின் அதுவே ஆகார சுத்தி. இராமானுச மரபினரோ வாயால் உண்ணும் உணவையே குறித்து, அதற்கு மூவகைக் குற்றங்களைக் கூறினர். உணவின் இயல்பால் வருவது சாதி தோடம். இங்குச் சாதி என்பது உணவுப் பொருளின் வகையைக் குறிக்கும். உணவை அளிப்பவரால் வருவது ஆசிரய தோடம். மயிர், தூசி போன்றவை கலப்பதால் வருவது நிமித்த தோடம்.

இம்மூன்றனுள் முதலாவதும் மூன்றாவதும் உணவைப் பற்றியவை. இரண்டாவது மனிதரைப் பற்றியது. உணவளிப்பவரின் ஒழுக்கத்தைக் குறித்து எழுந்த இக்கருத்து, காலப்போக்கில் அவர் பிறப்பைக் குறிப்பதாயிற்று. யார் கையால் உண்ணலாம், யாரோடு ஒரே பந்தியில் அமரலாம் என்னும் கட்டுப்பாடுகள் இவ்வழியே வலுப்பெற்றன. சமயம் அடுக்களைக்குள் அடைபட்டுப் போயிற்று என்று விவேகானந்தர் 1897இல் தமிழகச் சொற்பொழிவுகளில் இடித்துரைத்தது இந்நிலையையே ஆகும்.

தமிழ்ச் சைவ மரபு இக்கட்டுப்பாட்டை ஏற்றும் மீறியும் வந்துள்ளது. மீறியதற்குச் சான்றாக இரண்டு வரலாறுகளைக் காணலாம். பெரியபுராணம் கூறும் கண்ணப்பர், தாம் சுவைத்துப் பார்த்த இறைச்சியை இறைவனுக்குப் படைத்தார். ஆகம முறைப்படி வழிபட்ட சிவகோசரியார் அதனைக் கண்டு கோயில் தூய்மை கெட்டதென வருந்தினார். இறைவனோ கண்ணப்பரின் அன்பைச் சிவகோசரியாருக்குக் காட்டினான். சாதி தோடமும் எச்சிலும் ஒருங்கே கொண்ட அவ்வுணவு ஏற்கப்பட்டது என்பதே அவ்வரலாற்றின் சாரம்.

இரண்டாவது வரலாறு உமாபதி சிவாசாரியாரைப் பற்றியது. தில்லைவாழ் அந்தணராகிய அவர் பகலிலும் தீவட்டி பிடிக்கப் பல்லக்கில் சென்றபோது, பட்ட கட்டையில் பகற்குருடு செல்வதாக மறைஞானசம்பந்தர் கூறக் கேட்டுப் பல்லக்கிலிருந்து இறங்கி அவரைப் பின்தொடர்ந்தார் என்பது மரபுச் செய்தி. நெசவாளர் தெருவில் மறைஞானசம்பந்தர் கூழை வாங்கிக் கைகளால் அருந்த, அவர் முழங்கை வழி ஒழுகியதை உமாபதியார் ஏந்திப் பருகினார். அதனால் தில்லை அந்தணர் அவரை விலக்கினர். அவர் கொற்றவன்குடியில் தங்கி வாழ்ந்தார். பகவத்கீதையின் 17ஆம் இயல் எச்சில் உணவைத் தாமச உணவுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆசிரய தோடத்தின்படி நோக்கினும் அக்கூழ் விலக்கத்தக்கதே. ஆயினும் அதைப் பருகிய நிகழ்வே அவர்தம் செருக்கு நீங்கிய நிகழ்வாகப் போற்றப்படுகிறது. ஆணவத்தைப் பற்றி நுட்பமாக எழுதிய ஆசிரியரின் வரலாறு, உணவுத் தீட்டைக் கடந்த ஒரு செயலில் தொடங்குவது தற்செயலன்று என்றே நாம் கருதுகிறோம்.

கிட்டங்கியும் தோட்ட லயமும்

இம்மரபுகளைத் தம்மோடு கொண்டே தமிழர் பினாங்கை அடைந்தனர். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைப்பற்றிய பின்னர் வணிகராகவும் தொழிலாளராகவும் தமிழர் குடியேறினர். ஜோர்ஜ்டவுன் குயீன் ஸ்திரீட்டில் மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் தண்ணீர்மலைச் சாலையில் 1857இல் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். அவர்கள் தமிழகத்திலிருந்து தருவித்த வெள்ளி இரதம் 1894 முதல் தைப்பூசத்துக்கு முன்னாளில் நகரிலிருந்து தண்ணீர்மலை நோக்கிச் சென்று வருகிறது.

நகரத்தாரின் தொழிலிடமாகிய கிட்டங்கி பினாங்கு ஸ்திரீட்டில் அமைந்திருந்தது. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் பாயுமாக அமர்ந்து வட்டித் தொழில் நடத்திய அவர்கள், குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே சமையலில் உண்டனர். வருவாயில் ஒரு பகுதியை மகமையாகக் கோயிலுக்கும் அறத்துக்கும் ஒதுக்கினர். முருகனுக்கும் கணக்கேட்டில் இடம் இருந்தது. தம் செல்வத்தில் இறைவனுக்கும் பங்குண்டு என ஏற்பது 'எனது' என்னும் பற்றைக் குறைக்கும் ஒழுக்கமாகும். அதே வேளையில் கிட்டங்கியின் அடுக்களை ஒரு சமூகத்தை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டிய வேலியாகவும் இருந்தது.

செபராங் பிறையிலும் அண்டை மாநிலமாகிய கெடாவிலும் பரவிய தோட்டங்களில் இவ்வேலி வெளிப்படையாகத் தெரிந்தது. மலாயாத் தோட்டங்களில் சாதிவாரியாக லயங்கள் பிரிக்கப்பட்டிருந்ததையும், ஆதிதிராவிடர் இல்லங்களில் பிறர் நீரும் அருந்தாதிருந்ததையும் ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். இராஜகிருஷ்ணன் இராமசாமி 1984இல் வெளியிட்ட மலேசியத் தமிழரின் சாதி உணர்வு பற்றிய நூல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பால்மரம் சீவும் வேலையும் கூலியும் ஒன்றாயிருக்க, உண்ணும் இடத்தில் மட்டும் உயர்வு தாழ்வு நிலைத்தது. பொருளால் உயர இயலாதவர்க்கு, தமக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொள்ளும் எளிய வழியாக உணவுத் தீட்டு பயன்பட்டது எனலாம்.

தைப்பூச நோன்பின் தனித்தன்மை

இச்சூழலில் தைப்பூச நோன்பு தரும் தூய்மை வேறு வகையானது. அது பிறப்பால் வருவதன்று. நோற்பவர் தம் முயற்சியால் ஈட்டுவது. தோட்டத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் நகரசபை ஊழியரும் முறைப்படி நோன்பிருந்தால், காவடி சுமக்கும் அந்நாளில் அவர்கள் வழிபாட்டுக்குரியவராகின்றனர். வீதியில் நிற்போர் அவர்தம் காலில் நீர் வார்க்கின்றனர். பினாங்கில் களப்பணி செய்த எலிசபெத் புல்லர் காலின்ஸ் 1997இல் வெளியிட்ட நூல், காவடி வழிபாட்டைச் சடங்கு, அதிகாரம், அற மீட்சி என்னும் மூன்றையும் இணைத்து நோக்குகிறது. சமூகத்தில் மதிக்கப்படாதவர் தம் மதிப்பைத் தாமே நிலைநாட்டும் களமாகத் தைப்பூசத்தைக் காண அந்நோக்கு உதவுகிறது. சீனர் பலரும் இந்நோன்பை மேற்கொண்டு காவடி எடுப்பது பினாங்கில் காணும் காட்சி. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்காக ஒன்பது நாள் மரக்கறி உணவு உண்ணும் வழக்கம் அவர்களிடையே இருப்பதால், உணவு நோன்பின் பொருளை அவர்களுக்கு விளக்க வேண்டிய தேவை எழுவதில்லை.

காவடியின் தோற்றம் பற்றிய புராணமும் ஆணவத்தையே மையமாகக் கொண்டது. அகத்தியர் ஏவலால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைச் சுமந்து வந்த இடும்பன், பழனியில் இளைப்பாறி மீண்டும் தூக்க முயன்றபோது குன்று அசையவில்லை. குன்றின்மேல் நின்ற சிறுவன் முருகனென அறியாது அவன் போரிட்டு வீழ்ந்தான். பின்னர் அருளால் உயிர்பெற்று அடியவனானான். சுமை அவனை வீழ்த்தவில்லை. தன் வலிமையே சுமக்கிறது என்ற எண்ணமே வீழ்த்தியது.

தைப்பூசம் முடிந்தபின் பல இல்லங்களில் இடும்பன் பூசை செய்து நோன்பை நிறைவு செய்கின்றனர். சில இடங்களில் அப்பூசையில் புலால் படையலும் இடம்பெறும். அதன்பின் வழக்கமான உணவுக்கு மீள்கின்றனர். சில நாள் தூய்மை என்ன பயன் தரும் என்று இதனை எள்ளுவாரும் உளர். நாம் இதனை வேறு வகையில் நோக்குகிறோம். குறித்த காலத்தில் முடிந்துவிடும் தூய்மையை எவரும் நிலையான உயர்வாக உரிமை கொண்டாட இயலாது. அடுத்த ஆண்டு மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். சித்தாந்த நோக்கில் சரியை, கிரியை நிலைகளுக்குரிய இவ்வெளிய ஒழுக்கம், தன் தற்காலிகத் தன்மையாலேயே ஆணவத்துக்கு இடங்கொடாத பாதுகாப்பைப் பெறுகிறது. ஆயினும் நோன்புக் காலத்தில் மாதவிலக்குற்ற பெண்களை விலக்கி வைக்கும் வழக்கத்தில் ஆசிரய தோடத்தின் பழைய நிழல் தொடர்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

சீர்திருத்தமும் கள் மறுப்பும்

1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. இராமசாமி பினாங்கில் வந்திறங்கித் தம் மலாயாப் பயணத்தைத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1924-25இல், வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டதை எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர். பந்தி வேறுபாடு தமிழக அரசியலின் போக்கையே மாற்றிய வரலாறு அது. காவடியையும் நேர்த்திக்கடனையும் மூடநம்பிக்கை என மறுத்த சுயமரியாதை இயக்கத்தினர், சமபந்தி உணவை வற்புறுத்தினர். சமயத்தை ஏற்றவரும் மறுத்தவரும் உண்ணும் இடத்தையே மனித மதிப்பின் உரைகல்லாகக் கொண்டனர் என்பது கருதத்தக்கது.

வடலூர் இராமலிங்க அடிகள் இதற்கு முன்னரே ஒரு வழி காட்டியிருந்தார். 1867இல் அவர் நிறுவிய சத்திய தருமச்சாலை, சாதி சமயம் பாராது பசித்தவர்க்கு உணவளிப்பதை வழிபாடாகக் கொண்டது. புலால் மறுத்தலை அவர் உயிரிரக்கத்தின்மேல் நிறுவினார். அவ்வகையில் உணவுத் தூய்மை என்பது பிறரை விலக்குவதில் இல்லை; பிறர் பசியைத் தன் பசியாக உணர்வதில் உள்ளது. தைப்பூச வீதிகளில் வரிசையாக நிற்கும் தண்ணீர்ப் பந்தல்களில், கை நீட்டும் எவர்க்கும் மோரும் உணவும் வழங்கப்படுவதை இம்மரபின் தொடர்ச்சியாகக் கொள்ளலாம்.

பினாங்கின் அண்டையிலுள்ள கெடாவில் இரண்டாம் உலகப் போருக்குப்பின் எழுந்த தொண்டர் படை இயக்கம் இவ்வரலாற்றின் மற்றொரு பக்கம். தோட்டங்களில் உரிமம் பெற்று நடத்தப்பட்ட கள்ளுக்கடைகள் தொழிலாளியின் கூலியை விழுங்கி வந்தன. பீடோங்குக்கு அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் இயங்கிய தொண்டர்கள், கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டனர். 1947இல் போலீசாருடன் மோதல் மூண்டு உயிரிழப்பும் நேர்ந்தது, இயக்கம் ஒடுக்கப்பட்டது. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் தனிமனித ஒழுக்கமாகக் கூறியது இங்குக் கூட்டு விடுதலையின் கோரிக்கையாயிற்று. தூய்மை இங்கே அயலாரைத் தாழ்த்தும் அளவுகோலாக நிற்கவில்லை. அடிமைத்தனத்தை மறுக்கும் துணிவாக வெளிப்பட்டது. ஆணவத்திற்கும் தன்மானத்திற்கும் இடையிலான வேறுபாட்டை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது. முன்னது பிறரைக் குறைத்துத் தான் உயர்வது. பின்னது எவரையும் குறைக்காமல் நிமிர்வது.

உடையும் தேங்காயும் உடையாத செருக்கும்

இன்றைய பினாங்குத் தைப்பூசத்தின் அடையாளங்களுள் ஒன்று, வெள்ளி இரதம் செல்லும் வழியில் குவியல் குவியலாகத் தேங்காய் உடைத்தல். ஓடு ஆணவமாகவும், உள்ளிருக்கும் வெண்மை தூய உள்ளமாகவும் விளக்கப்படுவது வழக்கம். தமிழரும் சீனரும் இதில் ஆர்வத்தோடு பங்குகொள்கின்றனர். இரதம் வருவதற்குள் தெருவே தேங்காய் நீரில் நனைந்துவிடுகிறது. உடைபடும் தேங்காய்களின் எண்ணிக்கையைக் குறைத்து உணவுப் பொருள் வீணாவதைத் தவிர்க்குமாறு பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பலமுறை வேண்டுகோள் விடுத்துள்ளது.

ஒரு தேங்காய் ஒருவரின் ஆணவத்திற்கு அடையாளமாயின், ஓராயிரம் தேங்காய் எதற்கு அடையாளம் என்பது எளிய வினா. நன்றியுணர்வு மிகுதியால் உடைப்போரும் உளர். எண்ணிக்கையால் பெயர் பெற விழைவோரும் உளர். வெளித்தோற்றத்தைக் கொண்டு இவ்விருவரையும் வேறுபடுத்த இயலாது. காவடியின் உயரமும் நோன்பு நாள்களின் கணக்கும் இவ்வாறே இருதலை உடையன. நான் இத்தனை நாள் புலால் உண்ணவில்லை என்னும் கூற்றில் விலக்கப்பட்டது புலால். எஞ்சி நிற்பது நான். ஆணவ இருள் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்று திருவருட்பயன் எச்சரித்தது இதற்காகவே ஆகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் ஒன்று தெளிவாகிறது. உணவுத் தூய்மை தன்னளவில் ஆணவத்தை நீக்குவதுமில்லை, வளர்ப்பதுமில்லை. கிட்டங்கியின் அடுக்களை, தோட்ட லயத்தின் தண்ணீர்க் குவளை, நோன்பாளரின் தனித் தட்டு, தொண்டர் படையின் கள் மறுப்பு ஆகிய நான்கும் தூய்மையின் பெயரால் எழுந்தவையே. தன் நாவையும் வயிற்றையும் தான் அடக்கும்போது தூய்மை நோன்பாகிறது. அதே தூய்மையைக் கொண்டு அடுத்தவர் கையை அளக்கும்போது தீட்டாகிறது.

திருக்குறளும் பெரியபுராணமும் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. புலால் மறுத்தலையும் கள்ளுண்ணாமையையும் பாடமாகக் கேட்கும் மாணவருள் சைவ உணவுக் குடும்பத்தாரும் இருப்பர், அல்லாதாரும் இருப்பர். சைவம் உண்பவர் உயர்ந்தவர் என்னும் எண்ணத்தோடு ஒரு மாணவர் வகுப்பைவிட்டு வெளியேறினால், உமாபதியார் பல்லக்கிலிருந்து இறங்கிய வரலாற்றை நாம் கற்பிக்கவில்லை என்றே பொருள். புலால் மறுத்தல் அதிகாரத்தோடு கண்ணப்பர் வரலாற்றையும், கள்ளுண்ணாமையோடு கெடாத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றையும் இணைத்துக் கற்பிக்கலாம். அவ்வாறு கற்பிப்பின், தம் பாட்டன் பாட்டியர் உண்ட உணவிலும் மறுத்த கள்ளிலும் இம்மண்ணின் சமய வரலாறு அடங்கியிருப்பதை மாணவர் உணர்வர்.